சொன்னவருக்கே சொந்தமான சொல்



சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, மஃரிபுக்குச் சற்று முன்பு எங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் துபாயில் பணிபுரிபவர். அவருடைய உம்மாவுடன் நாங்கள் நடத்திய உரையாடல் அன்றிரவு எட்டரை மணிக்கு எங்கள் வானொலி நிகழ்ச்சியில் ஒலிபரப்பாகவிருந்தது. "உம்மா பாய் முடைந்து குடும்பம் நடத்தியதாகச் சொன்ன பகுதியை எடுத்துவிடுங்கள். ஊரில் எங்களுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது" என்றார். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. கோபமாகப் பேசியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்று என்ன முடிவெடுத்தோம் என்பதைப் பிறகு சொல்கிறோம். அந்த முடிவுக்கு நாங்கள் வந்து சேர நான்கு ஆண்டுகளும் ஒரு பெரும் பிழையும் தேவைப்பட்டன.

நாங்கள் மூவர். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒருவர் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். மூன்றாமவர் கல்லூரிப் படிப்பை முடித்த இளம்பெண். தாமிரபரணிப் பாசனப் பகுதியில் இயங்கும் ஒரு சமுதாய வானொலியில், வாரம் ஒருமுறை அரை மணி நேரம், எங்கள் சுற்றுவட்டார மனிதர்களை அழைத்து வைத்துப் பேசுகிறோம். ஊதியம் கிடையாது, தேநீர் உண்டு. நிலையம் என்பது இரண்டு அறைகள். சுவர்களில் முட்டை அட்டைகளையும் பழைய பாய்களையும் அடித்து ஒலியை அடக்கியிருக்கிறோம். பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும் என்பதால் சித்திரை மாத விருந்தினர்கள் எல்லாருமே சுருக்கமாகப் பேசுவார்கள்.

வானொலி என்றதும் பெரிய கோபுரத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சமுதாய வானொலியின் திறன் 100 வாட். உயரம் 30 மீட்டருக்குள். காற்றும் மேடுபள்ளமும் அனுமதித்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரை கேட்கும். காற்றலை பொதுச் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் உரிமம் வழங்க அரசு முன்வந்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். ஒலிக்கத் தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. பாம்பனில் மீனவ மக்களுக்காக இயங்கும் கடல் ஓசை போன்றவையும், தெலங்கானாவில் தலித் பெண்களே நடத்தும் சங்கம் ரேடியோவும் அந்தக் கதவு வழியாக வந்தவைதாம். நம் நாட்டுச் சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி சேகரித்து ஒலிபரப்ப அனுமதியில்லை; அகில இந்திய வானொலியின் செய்தியை மட்டும் மறு ஒலிபரப்புச் செய்யலாம். இந்தத் தடை எங்களுக்கு உவப்பானதன்று. ஆயினும் அதனால் ஒரு நன்மை விளைந்தது. செய்தி சொல்ல முடியாத வானொலி மனிதர்களிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

யாரிடம் பேசுவது? தொடங்கிய காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் எங்களிடம் ஒரு பட்டியலைத் தந்தார்கள். கல்லூரித் தாளாளர், பள்ளிவாசல் கட்டட நிதிக்குப் பெருந்தொகை வழங்கியவர், வழக்கறிஞர், வளைகுடாவில் நிறுவனம் நடத்துபவர். அனைவரும் மதிப்புக்குரியவர்கள், அழைத்தோம், வந்தார்கள். பத்து வாரங்கள் முடிந்தபோதுதான் ஒரே நிகழ்ச்சியைப் பத்து முறை ஒலிபரப்பியிருக்கிறோம் என்று விளங்கியது. எளிய குடும்பத்தில் பிறந்து, உழைப்பால் உயர்ந்து, அல்லாஹ்வின் அருளாலும் பெற்றோரின் துஆவாலும் இந்நிலையை அடைந்து, இளைஞர்களுக்கு அறிவுரை கூறி முடித்தார்கள். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மேடையில் ஏற்கெனவே பலமுறை சொல்லிப் பழகிய பேச்சு அது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நாங்கள் அவர்களின் பதவிகளைத்தாம் அழைத்திருந்தோம்.

பதினோராம் வாரம் அழைத்திருந்தவர் வரவில்லை. நிலையத்துக்கு அடுத்த வீட்டுக்கு ஏதோ வேலையாக வந்திருந்த ஒரு பெரியவரை, அரை மணி நேரத்தை நிரப்ப வேண்டுமே என்ற பதற்றத்தில், உள்ளே அழைத்து அமர்த்தினோம். ஊரில் மையித்துக் குளிப்பாட்டுபவர் அவர். முப்பது ஆண்டுகளாக அதைச் செய்கிறவர். எங்களில் ஒருவரின் வாப்பாவையும் அவர்தான் குளிப்பாட்டினார். அன்றுவரை அவரிடம் ஒரு வார்த்தை நாங்கள் கேட்டதில்லை.

தண்ணீரை வெதுவெதுப்பாக்கியபின் முதலில் தம் மணிக்கட்டில் ஊற்றிப் பார்ப்பதாகச் சொன்னார். "மவுத்தானவருக்குச் சூடு தெரியாதுதான். ஆனால் எனக்குத் தெரியுமே" என்றார். உடலைப் புரட்டும்போது, "கொஞ்சம் திரும்பிக்கிடுங்க காக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் புரட்டுவாராம். ஆசை மிகுந்து நாங்கள் ஒரு கேள்வி கேட்டோம். "இத்தனை ஆண்டுகளில் உங்களை அதிர வைத்த காட்சி ஏதும் உண்டா?" அவர் மைக்கைப் பார்த்தார். பிறகு, "பார்த்தது குளிப்பாட்டினவனோட போயிரணும் தம்பி" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். மையித்தில் கண்ட குறையை மறைக்க வேண்டும் என்பது மார்க்கம் அவருக்குக் கற்பித்த ஒழுக்கம். எங்களுக்கு அதில் ஒரு பாடம் இருந்தது. அன்று அதை நாங்கள் கற்றுக்கொள்ளவில்லை. நல்ல ஒலிபரப்புக்கான தருணம் என்று மகிழ்ந்துகொண்டோம்.

அதன்பிறகு பட்டியலை மடித்து வைத்துவிட்டோம். ஆடறுப்பவர், மக்தபில் நாற்பது ஆண்டுகள் அலிஃப் பே சொல்லிக்கொடுத்த லெப்பை, தேவாலயத்து மணியடிப்பவர், பிரசவம் பார்த்த மருத்துவச்சி, நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர், வாழைத்தார் ஏலம் விடுபவர் என்று வந்தார்கள். கஞ்சி காய்ச்சுபவர் அரை மணி நேரம் முழுவதும் அரிசி குழைவதைப் பற்றியே பேசினார். எங்கள் நிகழ்ச்சிகளில் மிக அதிகமானோர் மறுபடி கேட்க விரும்பியது அதுதான்.

கேட்பது எப்படி என்பதையும் சற்றுச் சொல்ல வேண்டும். எங்கள் தலைமுறை இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தது. அதன் முஸ்லிம் சேவையின் நோன்புக்கால நிகழ்ச்சிகளுக்காகத் தமிழகக் கரையிலும் வானொலிப் பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தவர்கள் பலர். பி. எச். அப்துல் ஹமீது அவர்களின் தமிழைப் போல நமக்கும் வாய்க்காதா என்று ஏங்கியவர்கள் நாங்கள். ஆகவே தொடக்கத்தில் எழுத்துச் சுத்தமாக, ஏற்ற இறக்கத்தோடு கேள்விகளை வாசித்தோம். விளைவு என்னவென்றால், வந்தவர்களும் எழுத்துத் தமிழுக்கு மாறிவிட்டார்கள். வீட்டில் உம்மா, லாத்தா, பெத்தும்மா என்று பேசுகிறவர் மைக்கின் முன் "எனது தாயார் அவர்கள்" என்றார். தாயார் அவர்களைப் பற்றி யாருக்கும் சொல்வதற்கு எதுவும் இருப்பதில்லை. உம்மாவைப் பற்றி எல்லாருக்கும் இருக்கிறது. அன்றிலிருந்து அறிமுகத்தை மட்டும் செந்தமிழில் வாசிக்கிறோம். கேள்விகளை ஊர்ப் பேச்சில் கேட்கிறோம். "உங்கள் வாழ்வின் மறக்க முடியாத நிகழ்வு எது" என்று கேட்பதில்லை. "முதல் சபருக்குப் புறப்பட்ட அன்றைக்குக் காலையில் வீட்டில் என்ன பலகாரம்?" என்று கேட்கிறோம். அதற்குப் பதில் சொன்னவர் அழுதிருக்கிறார். விருந்தினர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைப் போடாமல் ஐந்து விநாடி சும்மா இருக்க வேண்டும். இது மூன்று பேரும் ஒருவரையொருவர் மேசைக்கடியில் மிதித்து மிதித்துக் கற்றுக்கொண்டது.

இனி அந்தப் பிழை.

சவூதியில் 22 ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பிய ஒருவரை அழைத்தோம். அற்புதமாகப் பேசினார். தம் பிள்ளைகள் பிறந்ததைத் தொலைபேசியில் கேட்டது, மூன்று ஆண்டுகள் கழித்து வந்தபோது மகள் அவரைக் கண்டு அழுது கதவின் பின்னே ஒளிந்துகொண்டது எல்லாவற்றையும் சொன்னார். பேச்சோடு பேச்சாக, ஊர் திரும்பியபின் தொடங்கிய தொழில் நொடித்ததையும், இன்னும் அடைபடாத கடனின் தொகையையும் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பி அறையின் வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மறுபடி எங்கள் பக்கம் திரும்பிப் பேச்சைத் தொடர்ந்தார்.

நாங்கள் மூவரும் அதைப் பார்த்தோம். வானொலி கேட்பவருக்கு அது தெரிய வழியில்லை. மறுவாரம் அப்படியே ஒலிபரப்பினோம். ஒப்புதல் படிவத்தில் அவர் கையொப்பமிட்டிருந்தார் என்பது எங்கள் மனத்துக்குப் போதுமான சமாதானமாக இருந்தது.

அவ்வேளையில் அவர் மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி முடிவாகும் தறுவாயில் இருந்தது. அது நின்றுபோனது. நிகழ்ச்சிதான் காரணம் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. சில வாரங்கள் கழித்து ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அருகில் வந்து ஸலாம் சொன்னார். "அன்னைக்கு நான் வாசலைப் பார்த்தேனே, நீங்க கவனிக்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தால் அப்பேச்சு ஓர் அமானிதம் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றிருக்கிறது. எங்களில் இருவர் அதைப் பயான்களில் பலமுறை கேட்டவர்கள். "இது இரகசியம்" என்று சொன்னவரின் பேச்சு மட்டும் அமானிதம் என்று அந்த நபிமொழி சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தாலே போதும் என்கிறது. கழுத்தின் ஒரு சிறு அசைவுக்கு அவ்வளவு கண்ணியம். பேட்டி எடுப்பவனுக்கென்றே சொல்லப்பட்டது போன்ற இந்த நபிமொழியை, எங்கள் ஒப்புதல் படிவத்தின் கீழே வைத்து மூடியிருந்தோம்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஸ்டட்ஸ் டெர்க்கல் என்றொருவர் இருந்தார். 1952 முதல் 1997 வரை ஒரே வானொலியில் உரையாடல் நிகழ்ச்சி நடத்தியவர். பெரும் கலைஞர்களோடும் பேசினார். உணவகப் பணிப்பெண்களோடும் கட்டடத் தொழிலாளர்களோடும் பேசினார். ஒலிப்பதிவுக் கருவியைச் சரியாக இயக்கத் தெரியாதவர் என்று தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்வார். எதிரில் இருப்பவர் உதவிக்கு வருவார். அதிலேயே கூச்சம் போய்விடும். ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பில் ஒரு தாயைப் பதிவு செய்த நிகழ்ச்சியை அவர் அடிக்கடி நினைவுகூர்ந்திருக்கிறார். பிள்ளைகள் அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் என்று குதிக்க, அவர் பதிவைத் திரும்ப ஓட்டிக் காட்டினார். வாழ்வில் முதன்முறையாகத் தம் குரலைக் கேட்ட அந்தப் பெண், வாயில் கை வைத்துக்கொண்டு, இப்படியெல்லாம் என் மனத்தில் இருந்தது எனக்கே தெரியாது என்று வியந்தாராம்.

அந்தத் தாய்க்குக் கிடைத்தது எங்கள் விருந்தினருக்குக் கிடைக்கவில்லை. தாம் சொன்னதைத் தாமே கேட்கும் வாய்ப்பைத்தான் சொல்கிறோம். பேசும்போது நாம் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறோம். கேட்கும்போதுதான் ஊர் கேட்கிறது என்பது உறைக்கிறது.

ஆகவே இப்போது எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பதிவு முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்து, முழு உரையாடலையும் விருந்தினர் வீட்டுக்கே எடுத்துச் சென்று போட்டுக் காட்டுகிறோம். அவர் எதை நீக்கச் சொன்னாலும் காரணம் கேட்காமல் நீக்குகிறோம். அங்கில்லாத ஒருவரைப் பற்றிய குறை பேச்சில் இருந்தால் அவர் சொல்லாமலே நாங்கள் நீக்கிவிடுகிறோம். புறம் பேசுவதற்கு நூறு வாட் திறன் கொடுக்க நாங்கள் ஆயத்தமாக இல்லை. ஆனால் வேறு எவரும், கணவரோ மகனோ ஜமாஅத் நிர்வாகியோ முதலாளியோ வந்து, அவர் பேச்சில் இதை வெட்டு என்றால் வெட்டுவதில்லை. சொன்ன சொல் சொன்னவருக்குச் சொந்தம்.

பத்திரிகைத் துறை நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "விருந்தினர் கையில் கத்தரியைக் கொடுத்தால் எஞ்சுவது புகழுரைதான்" என்றார். அதிகாரத்தில் இருப்பவரிடம் கணக்குக் கேட்கும் செய்தியாளருக்கு அவர் சொல்வது முற்றிலும் பொருந்தும். அமைச்சரின் பேட்டியை அமைச்சரே திருத்தினால் அது பேட்டியன்று. எங்கள் முன் அமர்பவர் கஞ்சி காய்ச்சுபவர். அவரிடம் நாங்கள் கணக்குக் கேட்கவில்லை. அவர் எங்களுக்குக் கொடை தருகிறார். மேலும், நண்பர் அஞ்சியது நடக்கவும் இல்லை. மக்கள் நீக்கச் சொல்வது மிகக் குறைவு: ஒரு பெயர், ஒரு தொகை, ஒரு நோய். பெரும்பாலோர் இன்னும் கொஞ்சம் சேர்க்கத்தான் கேட்கிறார்கள். மருத்துவச்சி தம் பதிவைக் கேட்டுவிட்டு, தாம் காப்பாற்ற முடியாமல் போன ஒரு குழந்தையைப் பற்றி அதுவரை சொல்லாததைச் சொல்லி, அதையும் சேர்க்கச் சொன்னார்.

நீக்கச் சொல்லி எங்களை நெருக்குகிறவர்கள் பேசியவர்கள் அல்லர். அவர்களைச் சுற்றி இருப்பவர்கள். பேசியவர் பெண்ணாக இருந்தால் நெருக்கடி இரு மடங்கு. பெண் குரல் ஊருக்குக் கேட்கலாமா என்று ஒரு தரப்பு கேட்கிறது. ஆலிம்களிடையே இதில் நுட்பமான பேச்சுகள் உண்டு. அவற்றில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கில்லை. ஆயினும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக 2,000-க்கும் மேற்பட்ட நபிமொழிகள் நமக்கு வந்திருக்கின்றன என்பதையும், நபித்தோழர்கள் அவர்களிடம் வந்து திரைக்கு அப்பாலிருந்து கேட்டுத் தெளிந்தார்கள் என்பதையும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். வானொலியைவிட நல்ல திரை ஏது? எங்கள் அனுபவத்தில் இந்தக் கேள்வியை எழுப்புகிறவர் பலருக்கு உறுத்துவது குரலுமன்று. அக்குரல் சொல்லும் செய்திதான். சமையல் குறிப்புச் சொன்ன பெண்ணின் குரலைப் பற்றி யாரும் எங்களுக்கு ஓலை அனுப்பவில்லை.

பத்தமடைப் பாயைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றோரத்துக் கோரையைக் கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் ஊற வைத்து, மீண்டும் உலர்த்தி, இழை இழையாக வகிர்ந்து நூற்பாவில் கோத்து முடைகிறார்கள். மிக நுண்ணிய பாயைத் துணிபோல மடித்துவிடலாம். தலைமுறை தலைமுறையாக அதைச் செய்து வருபவர்களில் பெரும்பாலோர் நம் வீட்டுப் பெண்கள்தாம். திருமணத்தில் மணமக்கள் அமரும் பாயில் அவர்கள் பெயரை நெய்து தருவார்கள். முடைந்தவரின் பெயர் எந்தப் பாயிலும் இருப்பதில்லை.

அந்த மூதாட்டி எங்கள் முன் ஒன்றரை மணி நேரம் பேசினார். கோரையின் ஈரத்தைப் பல்லால் கடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவாராம். கணவர் கடல் கடந்து சென்ற சில ஆண்டுகளில் பணம் வருவது நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதையும் சொன்னார். மூன்று பிள்ளைகளையும் பாய் முடைந்தே படிக்க வைத்தார். பிள்ளைகள் தூங்கியபின் இரவில் முடைவதாகவும், தறியின் ஓசையில் சின்னவன் விழித்து அழுதால் காலால் தொட்டிலை ஆட்டியபடியே கையால் முடைந்ததாகவும் சொன்னார். துபாயிலிருந்து அழைத்தவர் அந்தச் சின்னவர்தாம்.

மகனின் மனத்தாங்கலை நாங்கள் இலேசாக எண்ணவில்லை. உம்மாவின் பேச்சில் வாப்பாவும் இருக்கிறார், வாப்பா மவுத்தாகிவிட்டார், அவரால் வந்து பதில் சொல்ல முடியாது. எங்கள் வழக்கப்படி அந்தப் பகுதியை நாங்களே முன்பே கவனித்திருக்க வேண்டும். பதிவைப் போட்டுக் காட்டியபோது மூதாட்டி எதையும் நீக்கச் சொல்லாததால் விட்டுவிட்டோம். அதுவும் எங்கள் குறையே.

மஃரிப் தொழுதுவிட்டு, இருவர் வண்டியெடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். மகன் அழைத்த செய்தியைச் சொன்னோம். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. பதிவை மறுபடி போடச் சொன்னார். தஸ்பீஹைக் கையில் வைத்துக்கொண்டு, உருட்டாமல், இறுதிவரை கேட்டார்.

"அவர் ஏன் அனுப்பலைங்கறது எனக்கும் அவருக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ளது. அதை எடுத்துருங்க. நான் பாய் முடைஞ்சது ஊருக்கே தெரியும். அது கிடக்கட்டும். தொட்டில் ஆட்டுனதும் கிடக்கட்டும்" என்றார். சற்று நேரம் கழித்து, "அவன் கேட்பானா?" என்று கேட்டார். எங்கள் நூறு வாட் துபாய் வரை எட்டாது. பதிவை அவருடைய கைப்பேசிக்கு அனுப்பலாம் என்றோம். அனுப்புங்கள் என்றார்.

நீக்கியது மொத்தம் பதினோரு விநாடி. எட்டரை மணிக்கு ஒலிபரப்பு தொடங்கியது. பதிவைச் சின்னவருக்கு அன்றிரவே அனுப்பிவிட்டோம். அவர் கேட்டுவிட்டார் என்பதைக் காட்டும் நீல நிறக் குறி மறுநாள் பஜ்ருக்கு முன்பே விழுந்திருந்தது. பதில் இன்னும் வரவில்லை.